மலைச்சாலையும் பந்தயத் தடமும்: பிரேக் மேம்பாடு குறித்த ஒரு திறனாய்வு

அதிவேகக் கார் வைத்திருப்போரிடையே, எஞ்சினின் திறனைக் கூட்டிய கையோடு முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்க நான்கு அல்லது ஆறு பிஸ்டன் கொண்ட காலிப்பரும் வாங்கிப் பொருத்திவிடும் வழக்கம் காணப்படுகிறது. பிரேக் பெரிதானால் கார் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. வார நாட்களில் பண்பொழியிலிருந்து மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கும், செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கும் ஏறி இறங்கி, விடுமுறையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் ஒரே காரை எடுத்துக்கொண்டு பார்த்தால், இந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே பிசகு என்பது தெளிவாகும்.

பிரேக்கின் வேலை ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதுதான். 1,500 கிலோ எடையுள்ள கார் மலைச்சாலையில் 300 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 44 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதே கார் பந்தயத் தடத்தின் நேர்ப்பாதை முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டருக்குக் குறையும்போது வெளிப்படுவது ஏறத்தாழ 17 லட்சம் ஜூல் மட்டுமே. மொத்தக் கணக்கில் மலையே பெரிது. ஆனால், மலையிறக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது, தடத்திலோ நான்கு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனவே, வெப்பம் பிறக்கும் வேகத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ அறுபது மடங்கு வேறுபாடு உண்டு. மேலும், மலையில் இரண்டாவது கியரில் இறங்கினால் சுமையில் கணிசமான பங்கை எஞ்சினே தாங்கிக்கொள்ளும்.

தடத்துக் கணக்கை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். அந்த 17 லட்சம் ஜூலில் 70 விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்பதாகவும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ வார்ப்பிரும்பு என்றும் கொண்டால், ஒரே அழுத்தலில் டிஸ்க்கின் வெப்பநிலை ஏறத்தாழ 160 டிகிரி உயரும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 11 கிலோ டிஸ்க்கானால் அதே அழுத்தலுக்கு ஏறத்தாழ 115 டிகிரிதான் உயரும். செங்கோட்டைப் புரோட்டாக் கடையின் கனத்த கல், வீட்டுத் தோசைக்கல்லைவிட மெதுவாகச் சூடேறுவதைப் போன்றதே இது. பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன் இந்த வெப்பக் கொள்ளளவுதான். 1953ஆம் ஆண்டு லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றதற்கும், மூடிய டிரம்மைவிடத் திறந்த டிஸ்க் வெப்பத்தை விரைவாக உதறிவிடும் என்ற இயல்பு பெரிதும் துணைநின்றது.

நிற்கும் தூரம் என்பது வேறு விவகாரம். காரைக் கடைசியில் நிறுத்துவது சாலைக்கும் டயருக்கும் இடையிலான பிடிப்புதான். பெடலை ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் அமைப்பு, இயங்கத் தொடங்குகிறது என்றால், இருக்கும் பிரேக்கே டயரின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்நிலையில் பெரிய காலிப்பரால் ஒரு முறை நிறுத்தும் தூரம் குறையாது. முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் முன்சக்கரங்கள் முந்திக்கொண்டு எல்லையைத் தொட, பின்சக்கரங்கள் தம் பங்கைச் செலுத்தாமலே போய், நிற்கும் தூரம் கூடிவிடவும் வாய்ப்புண்டு. போக்ஸ்வாகன் போலோ போலப் பின்பக்கம் டிரம் பிரேக்குடன் வந்த கார்களில் இந்தச் சமநிலைக் கேடு குறித்து இரட்டிப்புக் கவனம் தேவை. பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடும்போது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அதிகப் பிரேக் ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் பெடலும் கீழே இறங்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட பிஸ்டன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவோர் இதைக் கேட்பதே இல்லை.

இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை, கண்ணுக்குத் தெரியாத பிரேக் ஆயிலை அது புறக்கணிப்பதில் உள்ளது. மிதிக்கும் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கடத்தும் இந்தத் திரவம் கொதித்து ஆவியானால், ஆவி எளிதில் அமுங்கும் என்பதால், பெடல் தரைவரை போய்விடும், பிரேக் பிடிக்காது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. அது 3.7 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய நிலையில் தரவிதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். டாட் 5.1 வகைக்கு இவை 260, 180. ரப்பர் குழாய்களின் வழியாகவும் ஆயில் கலத்தின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே கசிகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய்க் காற்றுடன் சாரல் பொழியும் தென்காசி, குற்றால வட்டாரத்தில், ஒரு சீசனைக் கடந்த ஆயிலை அப்படியே வைத்துக்கொண்டு தடத்துக்குப் போவது, எத்தனை லட்ச ரூபாய்க் காலிப்பர் மாட்டியிருந்தாலும் ஆபத்தானது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெரிய டிஸ்க்குக்குச் செலவிடுவதை மேம்பாடு என்று சொல்ல முடியாது.

அடுத்தது பேட், அதாவது டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை. சாலைப் பேட் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும், ஆனால் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிப்பு தளரும். தடத்துக்கென்று செய்யப்படும் பேட்களில் பல, சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தருகின்றன. குளிர்ந்தும் நனைந்தும் இருக்கும்போது அவை முதல் மிதிக்குத் தயங்குகின்றன, கீச்சிடுகின்றன, டிஸ்க்கையும் வேகமாகத் தேய்க்கின்றன. சாரலில் நனைந்த வளைவில் மாடு குறுக்கே வரும்போது ஓட்டுநருக்கு வேண்டியது அந்த முதல் மிதியின் பிடிப்புதான். ஆகையால் இரண்டு இடங்களுக்கும் ஒரே பேட் என்ற ஆசை, ஏதோ ஓரிடத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தே நிறைவேறும்.

துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகு. ஆனால், தடத்து வெப்பத்தில் துளையைச் சுற்றி விரிசல் விடுவதால், கீறல் வெட்டியதோ வழுவழுப்பானதோ மேல். கார்பன் செராமிக் டிஸ்க் எடை குறைந்தது, துருப்பிடிக்காதது. எனினும் அதன் விலை, தடத்தில் அடிக்கடி ஓட்டுவோரை இரும்பு டிஸ்க்குக்கே திரும்ப வைக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பெரிய பிரேக் தொகுப்பே வீண் என்று ஆகிவிடாது. நல்ல டயர், புதிய ஆயில், தடத்துக்குரிய பேட், டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் ஆகிய எல்லாம் இருந்தும், சில சுற்றுகளுக்குள் பிடிப்பு தளர்கிறது அல்லது டிஸ்க்கில் விரிசல் விழுகிறது என்றால், வெப்பக் கொள்ளளவு போதவில்லை என்பது உறுதி. அப்போது முன்னும் பின்னும் சமநிலை பார்த்து வடிவமைத்த தொகுப்பை வாங்குவது முற்றிலும் நியாயமே. கூடவே, மாற்றுச் சக்கரம் புதிய காலிப்பரின் மேல் ஏறுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஏறாவிட்டால், மேக்கரைக் காட்டுச் சாலையில் டயர் பஞ்சரானால் கார் அங்கேயே நின்றுவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே, பொதுச்சாலையில் ஓடும் காருக்குத் தயாரிப்பாளரின் ஒப்புதலையும் காப்பீட்டு நிறுவனத்தின் நிலையையும் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

ஆக, செலவின் வரிசையில் ஆயிலும் பேடும் டயரும் முதலில் வர வேண்டும், பெரிய டிஸ்க் கடைசியில்தான். தடத்திலிருந்து திரும்புவோர் ஊருக்குப் புறப்படும் முன்பே பந்தயப் பேடைக் கழற்றிச் சாலைப் பேடை மாட்டிவிட வேண்டும், பந்தயப் பேடுடன் சாரல் காலத்து மலைச்சாலையில் இறங்கவே கூடாது.