பெருந்திரளணிக்கு யாரை அனுப்புவது?

2025 ஜனவரி 28 முதல் ஒரு வாரம் மணப்பாறை சிப்காட் வளாகம் கூடார ஊராகிக் கிடந்தது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணிக்காக, மாட்டுச் சந்தைக்கும் முறுக்குக்கும் பேர்போன அந்த ஊரில் பல மாநிலப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினார்கள். பள்ளிச் சாரணர் படையை இப்படி வெளியே அழைத்துப் போகத்தான் வேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் நாம் அழைத்துப் போகும் விதத்தில்தான்.

நம் பள்ளிகள் பலவற்றில் சாரணர் என்றால் கொடியேற்றம், சுதந்திர தின அணிவகுப்பு, விருந்தினர் வரும்போது வரிசையில் நிற்பது, தேர்த் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. முடிச்சுகளைப் பெஞ்சுக் காலில் கட்டிக் கற்கிறார்கள். அந்த முடிச்சு சரியா தவறா என்பதை ராத்திரிக் காற்றில் கூடாரம் சரியும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும். தன் பள்ளி வாசலைத் தாண்டாத படைக்குத் தன் தரம் என்னவென்றே விளங்காது. வெளியே போவதில் ஆசிரியருக்குக் கிடைக்கும் லாபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் மூங்கிலும் கயிறும் கொண்டு பாத்திர அடுக்கும் நுழைவாயிலும் எழுப்பியிருப்பதைப் பார்த்த சாரண ஆசிரியர், திரும்பி வந்து நடத்தும் வகுப்பே வேறாக இருக்கும்.

கோளாறு ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. ‘நல்ல பிள்ளையாக இரண்டு பேர் கொடுங்கள்’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் கேட்பதுதான். நல்ல பிள்ளை என்றால் நடை மிடுக்கானவன், மேடையில் ஆடத் தெரிந்தவள், சீருடைக்கும் பயணத்துக்கும் வீட்டில் பணம் தரக்கூடியவர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வுக் காலத்தில் பள்ளி விடாது. அணித்தலைவர்களோ பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள். படையை நடத்துகிறவர் ஊரிலேயே இருக்க, படை வேறு யார் மூலமாகவோ வெளியுலகைப் பார்க்கிறது.

சாரணியத்தின் உயிர்நாடி அணி முறை. ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து சமைத்து, சண்டையிட்டு, சமாதானமாகிப் பழகுவது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சாரணியத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் இருபது பேர் அளவில்தான் சிறுவர்கள். ஓநாய், காளை, உள்ளான், காகம் என்று நான்கு அணிகள். பெரிய பணக்காரப் பள்ளிப் பையன்களும் உழைக்கும் வீட்டுப் பையன்களும் ஒரே அணியில் கலந்திருந்தார்கள். அங்கே வெளியுலகம் ஒரு சமையல் அடுப்பைச் சுற்றியே வந்துவிட்டது. பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்தில், தன் மாவட்டக் கூடாரத்தைவிட்டு அதிகம் நகராமல், திறப்பு விழா ஒத்திகையில் வெயிலில் நின்று திரும்பும் பிள்ளைக்கு அந்தக் கலப்பு நேர்ந்ததா? சான்றிதழும் படமும் பையில் இருக்கும். தான் கண்டதைச் செய்து பார்க்க அணியில் கூட்டாளி இருக்கமாட்டார். தனியாகப் போய் வந்தவரின் அனுபவம் பெரும்பாலும் கதையாகவே நின்றுவிடுகிறது. ராஜ்ய புரஸ்கார் என்னும் சாரணர் விருதுப் பாதையில் இருப்பவர்களுக்கு முகாம் ஒரு தகுதிக் குறிப்பாகவும் சுருங்கிவிடலாம்.

கூட்டம் பெரிதானால் பயனும் பெரிது என்ற நம்பிக்கைக்குத் தென்கொரியாவின் செமாங்கத்தில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளணி நல்ல மறுப்பு. 2023 ஆகஸ்டில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிழலற்ற நிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். வெப்பத்தில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் முன்னதாகவே வெளியேறின. பிறகு புயல் எச்சரிக்கை வந்து முகாமையே காலிசெய்தார்கள்.

தனியாட்களை அல்ல, முழு அணியையே அனுப்ப வேண்டும் என்றால், இருக்கும் இடம் எத்தனை, வரும் பள்ளிகள் எத்தனை என்று மாவட்ட அலுவலகம் கேட்கும். நியாயமான கேள்வி. எல்லாப் பள்ளிக்கும் ஏழு ஏழு இடம் தேசிய முகாமில் கிடைக்காது. ஆனால் பெருந்திரளணியை முதல் படியாக வைத்திருப்பதால்தான் இந்த நெருக்கடியே. பக்கத்துப் பள்ளிப் படையோடு சேர்ந்து ஒரு நாள் நடைப்பயணம், வட்டார அளவில் ஓரிரவு முகாம், அக்டோபரில் வானொலியிலும் இணையத்திலும் உலகெங்கும் நடக்கும் ஜோட்டா-ஜோட்டி சாரணர் சந்திப்பு ஆகியவற்றுக்கு அணி முழுவதும் போகலாம். கடைசியதற்குப் பள்ளிக் கணினி அறையே போதும். பெண்பிள்ளைகளை இரவு வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம், ‘உங்கள் மகள் மட்டும்’ என்பதைவிட ‘அணியில் எல்லோரும், கூடவே டீச்சரும்’ என்பது எடுபடும்.

அப்படியும் தேசிய முகாமுக்கு இரண்டு இடம்தான் என்றால், பெயரை அணித்தலைவர்கள் கூடி முடிவுசெய்யட்டும். போகிறவர் எதைக் கற்றுவந்து தங்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்பதையும் அவர்களே அந்தக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கட்டும். தலைமையாசிரியர் கையெழுத்து அதற்குப் பிறகு விழுந்தால் போதும்.