பாரதம் எத்தனை இரவு?

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எது என்றால் திரை வரலாற்றாசிரியர்கள் 'கீசக வதம்' என்பார்கள். அதை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் வாகன வணிகத்தில் இருந்தவர். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்து ஆசை பிடித்துக்கொள்ள, புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கையாளக் கற்றார். 1917-இல் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா ஃபிலிம் கம்பெனி தொடங்கியது. மேலே மெல்லிய துணி கட்டி வெயிலைத் தணித்து, அந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள்.

நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் கீசகன் கதையை ஆதரித்தார். முதல் படத்துக்கே இப்படியொரு கதையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பகுதி பாரதத்தில் கிடைப்பது கடினம். பாண்டவர்கள் தலைமறைவாக இருக்கும் ஆண்டு, ஓர் அரண்மனை, பணிப்பெண் வேடத்தில் திரௌபதி, அவள்மேல் கண்வைக்கும் ஒருவன், இருட்டில் காத்திருக்கும் வீமன். தேர் வேண்டாம், படை வேண்டாம், பதினெட்டு அக்குரோணி சேனையும் வேண்டாம். அதே கதைக்கு இன்னொரு முகமும் இருந்தது. மராத்தியில் காடில்கர் 1907-இல் எழுதிய 'கீசகவத்' நாடகத்தில் கீசகனை மக்கள் வைஸ்ராய் கர்சன் பிரபுவாகவே பார்த்தார்கள். 1910-இல் ஆங்கிலேய அரசு அதைத் தடைசெய்தது.

முழுக் காப்பியத்தை விட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்துக்கொள்வது சினிமாவுக்கு நேர்ந்த சமரசம் போலத் தோன்றலாம். ஆனால் வேலூர், ஆற்காடு, செய்யாறு வட்டாரங்களில் பாரதம் காலங்காலமாக அப்படித்தான் நிகழ்ந்துவருகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நின்று பிரசங்கியார் கதையை வரிசையாகக் கொண்டுபோவார். கூத்து அப்படிப் போகாது. ஒரு இரவு துகில், ஒரு இரவு அர்ச்சுனன் தபசு, ஒரு இரவு கர்ண மோட்சம் என்று தனித்தனியாக நிற்கும். கடைசி நாள் காலையில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, படுகளம் நடக்கும், மாலையில் தீமிதி. ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் எந்த இரவில் வந்து உட்கார்ந்தாலும் கதை புரியும், ஏனென்றால் மீதிக் கதை அவருக்கு முன்பே தெரியும். விராட பருவம் படித்தால் மழை வரும் என்று நம்புகிற ஊர்களில், அந்தப் பருவத்துக்குக் கதையைத் தாண்டிய வேலையும் இருக்கிறது.

இந்தப் பார்வையாளர்தான் இயக்குநருக்குக் கிடைத்த வசதி. இயக்குநருக்கு வாய்த்த தலைவலியும் இவரே. முடிவு தெரிந்த கதையில் என்ன ஆகும் என்ற பதைப்புக்கு இடமில்லை. எப்படிச் சொல்லப்போகிறாய் என்பதே கேள்வி.

எப்படிச் சொல்வது என்பதில் முதல் இழப்பு பாட்டு. மௌனப்படமான 'கீசக வத'த்தில் வில்லியின் சந்தம் வர வழியே இல்லை. நடுவில் எழுத்து அட்டைகள்தான் வந்தன. பேசும்படம் வந்தபிறகும் விருத்தங்கள் அப்படியே வரவில்லை. திரைப்பாடல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. இரண்டாவது இழப்பு கதைசொல்லி. காப்பியத்தில் கவிஞன் நடுவே நின்று வியப்பான், இரங்குவான், பாத்திரத்தைக் கண்டிப்பான். கூத்தில் அந்த வேலையைக் கட்டியங்காரன் செய்கிறான். அஸ்தினாபுரத்திலிருந்து உள்ளூர்ப் பஞ்சாயத்துக்கு ஒரே வசனத்தில் தாவுவான். கேமராவுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. ஏ.பி. நாகராஜன் இதற்கொரு வழி கண்டார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' சில கதைகளோடு நின்றது. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் பார்வதி அவற்றைச் சொல்வதாக அமைத்து, கதைசொல்லியை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தது.

கதை முழுவதையும் எடுத்தவர்களும் உண்டு. 1958-இன் 'சம்பூர்ண ராமாயணம்' பெயருக்கேற்ப எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தது, திரைக்கதை ஏ.பி. நாகராஜன், இயக்கம் கே. சோமு. ராமனாக என்.டி. ராமராவ் நடித்தார். ஆனால் படம் பார்த்த ராஜாஜி மெச்சியது பரதனாக வந்த சிவாஜி கணேசனை. டி.கே. பகவதியின் வீணை மீட்டும் ராவணனும் ரசிகர்கள் மனத்தில் தங்கினான். தெய்வமாகவே நிற்கும் நாயகனுக்குத் திரையில் தடுமாற இடம் குறைவு. ஓரத்தில் நிற்கிறவனுக்கு நிறைய.

அதைத் தெரிந்தே செய்த படம் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964). சாகும் தறுவாயில் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் வேதியனாக வந்து புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கும் காட்சி வியாச பாரதத்தில் இல்லை. வில்லியில் இருக்கிறது, கூத்தில் கர்ண மோட்சமாக விடிய விடிய ஆடப்படுகிறது. பந்துலு சமஸ்கிருத மூலத்தைத் தாண்டி, தமிழர் கோயில் திடலில் அழுத இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 2012-இல் டிஜிட்டலாக்கி மீண்டும் வெளியிட்டபோதும் திரையரங்குகளில் கூட்டம் கூடியது. முழுக் கதையையும் சொல்ல நினைத்த பீட்டர் புரூக் 1985-இல் பாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கி, 1989-இல் படமாக்கினார். பி.ஆர். சோப்ராவின் தொலைக்காட்சித் தொடருக்கு 94 பகுதிகள் தேவைப்பட்டன. வாரம் ஒரு பகுதி என்ற அந்தக் கணக்கு, சினிமாவைவிடக் கோயில் விழாவுக்குத்தான் நெருக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வந்தால் கேள்வியே வேறாகிறது. தோல் தொழிலோடு வளர்ந்த இந்த ஊர்களின் முஸ்லிம்களில் உருது பேசுவோர் கணிசம். தமிழ்ப் புலமைக்கும் இங்கே இடமுண்டு. கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்தது வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சொல்கிறது. அரபு நாட்டை மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ் நிலமாக்கிக் காட்டுகிறது. திரைக்கு ஏற்ற காட்சிகள் ஏராளம். ஆனால் நபிகள் நாயகத்தின் உருவத்தைக் காட்டக்கூடாது. கம்பனைப் படமாக்குகிறவர் ராமனாக யார் நடிப்பது என்று தேடலாம். சீறாவில் அந்தத் தேடலே இல்லை.

இதற்கு உலக சினிமாவில் ஒரு விடை உண்டு. முஸ்தபா அக்காதின் 'தி மெசேஜ்' (1976) நபியைக் காட்டவில்லை, குரலையும் கேட்கவிடவில்லை. மற்றவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள், கேமராவே அவர் நிற்கும் இடம். கதையின் பாரத்தை அவருடைய சிறிய தந்தை ஹம்சாவாக வந்த அந்தோனி குயின் சுமந்தார். பரதனையும் கர்ணனையும் தமிழ் சினிமா ஆசையோடு தேர்ந்தது. அக்காதுக்கு அது கட்டாயம். அப்படியும் 1977-இல் அந்தப் படத்தை நிறுத்துவதையும் ஒரு கோரிக்கையாக வைத்து வாஷிங்டனில் ஆயுதம் தாங்கிய குழுவொன்று ஆட்களைப் பிணை பிடித்தது.

சீறாவில் உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலம் தனியே எடுத்தாலும் நிற்கும். வாளோடு புறப்படுகிறவர், வழியில் தங்கை வீடு, அங்கே காதில் விழும் மறை, அதன்பின் முற்றிலும் மாறிய மனிதர்: கூத்தின் ஓர் இரவுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 2012-இல் 'உமர்' என்ற அரபுத் தொலைக்காட்சித் தொடர் பின்னாளில் கலீபாவான அதே உமறை நடிகர் ஒருவரைக் கொண்டு காட்டியபோது, நபித்தோழர்களையும் உருவமாகக் காட்டலாமா என்று அறிஞர்கள் இரண்டுபட்டார்கள். சீறாவிலிருந்து ஒரு படலத்தை எடுக்க நினைக்கும் தமிழ் இயக்குநர், திரைக்கதை எழுத உட்காரும் முன்பே ஆம்பூர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார வேண்டியிருக்கும்.