கொட்டியாரத்துச் சோனகரும் கண்டி அரசும்

1626இல் போர்த்துக்கேயர் தம் பிடியிலிருந்த இலங்கைக் கரையோரங்களிலிருந்து சோனகரை, அதாவது முஸ்லிம்களை, வெளியேறச் சொன்னார்கள். அன்று போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. 1609 முதல் முஸ்லிம் வழிவந்த மொறிஸ்கோக்களைக் கப்பலேற்றி நாடு கடத்தியதும் அதே முடிதான். இலங்கையில் மத வெறியோடு பாக்கு வியாபாரப் போட்டியும் சேர்ந்துகொண்டது. துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றான். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்தார்.

இன நல்லிணக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கதை முன்னுக்கு வரும். வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூல், 900 முதல் 1915 வரையான ஆயிரம் ஆண்டு நல்லிணக்கம் என்று தன் தலைப்பிலேயே சொல்கிறது. கதை பொய்யல்ல. ஆனால் அரசன் ஏன் அப்படிச் செய்தான் என்பதைக் கேட்காமல் அதைச் சொல்வது பாதிக் கதை.

திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவிலிருந்து பார்த்தால் மீதிக் கதை தெரியும். 1624 அளவில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே திருகோணமலையில் கோட்டை கட்டினர். கரையிழந்து போன மலைநாட்டு அரசுக்குக் கிழக்கில் எஞ்சிய கடல்வாசல்கள் மட்டக்களப்பும் கொட்டியாரமும்தான். உப்பும் துணியும் கருவாடும் உள்ளே போகவும் பாக்கு வெளியே வரவும் பொதிமாடும் அதை ஓட்டிப் பழகிய சோனகர் போன்றவர்களும் வேண்டும். இதே செனரத் 1612இல் கொட்டியாரத்தில் கோட்டை கட்ட ஒல்லாந்தருக்கு இடம் கொடுத்தவன். 1620இல் டென்மார்க் கப்பல்களும் அவன் உறவை நாடி இந்தக் கரைக்கு வந்தன. போர்த்துக்கேயருக்கு ஆகாதவர் எல்லோரும் அவனுக்கு வேண்டியவர். சோனகரும் அந்தக் கணக்கில் அடக்கம். கணக்குப் பார்த்துச் செய்த நன்மை குறைந்த நன்மை என்று நான் நினைக்கவில்லை. தயவு ஓர் அரசனோடு போய்விடலாம், தேவை அடுத்தவனுக்கும் இருக்கும்.

அந்தத் தேவை அடுத்த அரசனுக்கும் இருந்திருக்கிறது என்பதற்கு ரொபர்ட் நொக்ஸ் சாட்சி. 1660இல் கொட்டியாரக் கரையில் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்த ஆங்கிலேயர். தன்னைப் பிடித்துவைத்த அரசனைப் புகழ அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அவரே எழுதுகிறார்: கண்டியில் சோனகரின் பள்ளி ஒன்று இருந்தது, நிலமுள்ள குடியானவன் ஒவ்வொருவனும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்பது முன்னைய அரசர் தந்த சலுகை. வீட்டுக்கு வீடு போய் வாங்குவார்கள். கதவு பூட்டியிருந்தால் உடைத்து அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுக்கவும் உரிமை உண்டு. பௌத்த அரசு தன் பௌத்தக் குடிகளிடம் பள்ளிவாசலுக்காக வரி தண்ட இடம் கொடுத்தது! அதே காலத்து ஐரோப்பாவில் இதற்கு ஈடு தேடுவது கஷ்டம். ஆனால் கதவை உடைக்கக் கொடுத்த அந்த அனுமதி எனக்கு உறுத்துகிறது. அரசன் தந்த சலுகைக்கு அண்டைவீட்டான் மனத்தில் ஏறும் கோபத்தைச் சலுகை பெற்றவன்தானே சுமக்க வேண்டும்?

குடியேற்றக் கதையில் இன்னொரு கோளாறு. கிழக்கின் முஸ்லிம்கள் எல்லோரும் செனரத் கொண்டுவந்து வைத்தவர்கள் என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. திருகோணமலையில் நிக்கல்சன் கோவ் என்ற சிறுகுடாவில் கிடைத்த அரபுக் கல்லறைக் கற்கள் சிரியாவின் அலெப்போவை வேராகச் சொன்ன ஒரு குடும்பத்தைப் பேசுகின்றன. போர்த்துக்கேயர் வருவதற்கு முந்தியவை அவை. கிழக்குக் கரையில் மகளுக்கு வீடும் வளவும் கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் வழக்கத்தையும், தென்பக்கத்தில் தாய்வழிக் குடி முறையையும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே கைக்கொண்டார்கள். எந்த மன்னனின் கட்டளையிலும் பிறந்த பண்பாடு அல்ல அது.

மலைநாட்டில் நிலைமை வேறு. அங்கே சோனகர் பெரும்பாலும் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவுக்குள் வைக்கப்பட்டார்கள். அனுபவித்த நிலத்துக்கு ஈடாக ராஜகாரியம் என்ற அரச ஊழியம். வைத்தியராகவும் தூதராகவும் அரசன் பக்கத்தில் நிற்க முடிந்தது; அதிகார் என்ற தலைமை அமைச்சர் பதவிக்கு ஏற முடியாது, அது ரதல என்ற உயர்குடிக் குடும்பங்களின் சொத்து. பாதுகாப்பு இருந்தது, பங்கு இல்லை. 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் தீவின் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டபோது மலைநாட்டுக்குக் கடல்வாசல் எதுவும் எஞ்சவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது, அரசனும் போனான்.

அரசன் இல்லாத ஏற்பாடு எப்படியிருக்கும் என்பது 1817இல் வெல்லஸ்ஸவில் தெரிந்தது. ஆங்கிலேயர் ஹாஜி என்ற சோனகரை மடிகே முகாந்திரமாக நியமித்து, அப்பகுதிச் சோனகரைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து பிரித்தார்கள். கிளர்ச்சி வெடித்தது, ஹாஜி கொல்லப்பட்டார், விசாரிக்கப் போன ஆங்கில அதிகாரி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். பிரித்தாளும் சூழ்ச்சி என்று வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பிரிப்பதற்கு வசதியாக அவர்களை ஒரு தனிப் பிரிவாக வைத்திருந்தது கண்டி அரசு. அந்தப் பிரிவின் ஊழியமும் வருமானமும் தமக்கு உரியவை என்று தலைவர்களைப் பழக்கியிருந்ததும் அதே அரசுதான்.