சுமையைப் பகிர்ந்தனர், காரணத்தைக் கேட்டனரா?

அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1868இல் வெளியிட்ட புதினம் ‘லிட்டில் விமென்’. சின்னஞ்சிறு பெண்டிர் என்பது அதன் பொருள். மன்னன் கதையும் மாவீரன் கதையுமே இலக்கியம் என்பார் முகம் சுளிக்க, கறைபட்ட கையுறைக்கும் கந்தலான உடைக்கும் இலக்கியத்திலே இடம் தந்த ஏடு அது. அதற்காக அதனைப் போற்றுகிறோம். போற்றிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்கிறோம்.

மார்ச் குடும்பத்துச் சகோதரியர் நால்வர். நண்பருக்கு உதவப்போய்ச் செல்வத்தை இழந்தார் தந்தை. பின்னர், உள்நாட்டுப் போரிலே படையினருக்குச் சமயப் போதகராகவும் புறப்பட்டுவிட்டார். வீட்டுப் பாரம் யார் தலையில்? மூத்தவள் மெக், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். ஜோ, சிடுசிடுக்கும் முதிய அத்தைக்குப் பணிவிடை செய்கிறாள். பெத் வீட்டு வேலையில் உழல்கிறாள். கடைக்குட்டி ஏமி, பள்ளியிலே தன் பழைய உடைக்காக நாணுகிறாள். மாலையில் தையலோடு அமர்ந்து, அன்றன்று பட்ட துயரை ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுகின்றனர். உள்ளத்தைத் தொடும் காட்சிதான்!

ஆனால் தாய் தரும் மருந்து என்ன? இருப்பதை எண்ணி நிறைவு கொள்ளுங்கள் என்பதே! முதுகிலே மூட்டையோடு மோட்சம் தேடிச் செல்லும் யாத்திரிகனைப் பற்றி ஜான் பனியன் எழுதிய சமயக் கதையே அப்பெண்களுக்கு வழிகாட்டி. சுமப்பது எப்படி என்று கற்பிக்கிறது நூல்; சுமத்தியது யார் என்று கேட்கத் தயங்குகிறது. அவ்வீட்டிலேயே ஹன்னா என்றொரு பணிப்பெண் இருக்கிறாள். அவள் தன் கவலையை எந்தச் சகோதரியிடம் சொல்லி ஆறுவாள்?

நூல் கேட்காத கேள்விக்கு, நூலாசிரியரின் வாழ்வு விடை தருகிறது. அவருடைய தந்தை பிரான்சன் ஆல்காட், 1843இல் இலட்சியக் குடியிருப்பு ஒன்று கண்டார். சில திங்களிலே அது கலைந்தது. இலட்சியம் தந்தையுடையது, உழைப்பு தாயுடையது! லூயிசா தையல் வேலை செய்தார், பிறர் வீட்டில் ஊழியம் செய்தார், பாடம் சொன்னார். முடிவிலே பேனாவால் குடும்பத்தைக் காத்தார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். வாசகரோ கல்யாணம் கேட்டனர். 1869இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே ஜோ மணம் முடிக்கிறாள். அவளைப் படைத்த லூயிசா கடைசிவரை மணக்கவேயில்லை. 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம், பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. கான்கார்டு ஊரிலே முதலாவதாகப் பெயர் பதிந்துகொண்ட பெண் லூயிசாவே!

கவலையைப் பகிர்ந்தால் பாரம் குறையும் என்பர். குறையும், தீராது. பகிர்வது அன்பு, ஏன் என்று கேட்பது அறிவு. அன்பைச் சகோதரியரிடம் தந்துவிட்டு, அறிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் ஆல்காட்.

தோழர்களே, நூலைப் படியுங்கள். ஆசிரியரின் வாழ்வையும் சேர்த்துப் படியுங்கள். அதன்பின் உங்கள் வீட்டு அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.