எம் முன்னோரா, நம் முன்னோரா? – டிலிங்கிட் வாய்மொழி வரலாற்றின் மொழிபெயர்ப்பு

1. நூலும் தலைப்பும்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் வாழும் டிலிங்கிட் மக்களின் வாய்மொழிக் கதைகளை, ‘ஹா ஷுகா’ என்னும் பெயரில் நோரா மார்க்ஸ் டௌன்ஹவர், ரிச்சர்டு டௌன்ஹவர் இணையர் 1987ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டனர். சொற்பொழிவுகள் (1990), வாழ்க்கை வரலாறுகள் (1994) என இரு தொகுதிகள் அதனைத் தொடர்ந்தன. நோரா டிலிங்கிட்டைத் தாய்மொழியாகக் கொண்டவர். ரிச்சர்டு வெளியிலிருந்து வந்து அம்மொழியைக் கற்ற கவிஞர். மரபுக்கு உரியவரும் வெளியாரும் கூடிச் செய்த இப்பணி மொழிபெயர்ப்பு முறையை எவ்வாறு மாற்றியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நூலின் தலைப்பே ஆய்வுக்குரியது. ‘ஷுகா’ என்னும் சொல் முன்பே பிறந்து மறைந்தோரையும், இனிப் பிறப்பதற்கு முன்னே காத்திருப்போரையும் ஒருங்கே சுட்டும் எனத் தொகுப்பாளர் விளக்குகின்றனர். ‘மூதாதையர்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இதன் முற்பாதி மட்டுமே இடம்பெறுகிறது. தமிழின் ‘முன்’ கழிந்த காலத்தையும் எதிரேயுள்ள இடத்தையும் குறிப்பதால் மூலத்திற்குச் சற்று நெருங்கி வருகிறது. ‘முன்னோர்’, ‘முன்னேற்றம்’ ஆகிய இரண்டும் அதனடியாகப் பிறந்தவையே. எனினும் பிறக்கவிருப்போரை ‘முன்னோர்’ என்னும் வழக்குத் தமிழில் இல்லை.

‘ஹா’ என்பது தன்மைப் பன்மையில் உடைமையை உணர்த்துவது. கேட்போரை உளப்படுத்துவது, உளப்படுத்தாதது என்ற பாகுபாடு ஆங்கிலத்தைப் போன்றே இதிலும் இல்லை. தமிழிலோ இப்பாகுபாடு உண்டு. எனவே இந்நூலைத் தமிழாக்குவோர் ‘எம் முன்னோர்’, ‘நம் முன்னோர்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இத்தேர்வு இலக்கணத்தோடு முடிவதன்று. மரபு யாருக்கு உரியது என்ற வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

2. உடைமையும் கதையும்

டிலிங்கிட் வழக்கில் கதை, பாடல், குலச்சின்னம், இடம் ஆகியன குலத்தின் உடைமைகள். இவற்றை ‘அட்-ஊவ்’ என்பர். ‘உடைமையாக்கப்பட்டது’, ‘விலை கொடுத்துப் பெறப்பட்டது’ என்பது இதன் பொருள். அவ்விலை பெரும்பாலும் முன்னோர் ஒருவரின் உயிரே. ஆதலின் ‘மக்கள் கதை’, ‘பொதுச் சொத்து’ என்னும் நாட்டுப்புறவியற் கருத்துகள் இங்குப் பொருந்தா.

ஜான் சுவாண்டன் 1904இல் சிட்கா, ராங்கல் ஆகிய ஊர்களில் திரட்டி 1909இல் வெளியிட்ட தொகுப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் மட்டுமே அமைந்தது. அதன் ஆவணப் பயன் மறுக்கவியலாதது. எனினும் அப்பகுதியில் கூறியவரின் சொற்கள் மறைந்துவிட்டன. டௌன்ஹவர் தொகுதியில் மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரிக்கு வரி நிற்கின்றன. கூறுவோர் மூச்செடுத்து நிறுத்துமிடத்தில் வரி முடிகிறது. கதைகள் கூறியவர் பெயரிலேயே அச்சிடப்பட்டுள்ளன. அவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் இறுதியில் தரப்பட்டுள்ளன. தகவலாளி என்ற நிலையிலிருந்தவர் இதனால் ஆசிரியர் என்ற நிலையைப் பெறுகிறார்.

3. இரு கூற்றுகள்

கிளேசியர் விரிகுடாவின் வரலாற்றை இந்நூல் இருவர் வாயிலாகத் தருகிறது. சூசி ஜேம்ஸ், ஏமி மார்வின் என்னும் அவ்விருவரும் அவ்வரலாற்றுக்கு உரிய சூக்கனெய்டி குலத்தவர். பூப்பெய்தித் தனித்து வைக்கப்பட்டிருந்த காஸ்டீன் என்னும் பெண், நாயை அழைப்பதுபோல் பனியாற்றை அழைக்கிறாள்; பனியாறு ஊரை நோக்கி நகர்ந்து வருகிறது. ஊரார் படகேறி வெளியேற, ஒரு பெண் மட்டும் வீட்டிலேயே தங்கி உயிர்விடுகிறாள். தங்கியவர் யார் என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன. ஒன்றில் காஸ்டீனே தங்குகிறாள். மற்றொன்றில், இளையவள் பிள்ளை பெற்றுக் குலத்தைத் தழைக்கச் செய்ய வேண்டும் என்று முதியவள் ஒருத்தி தங்குகிறாள்.

சுவடிப் பதிப்பில் பழகியவர் இவ்விரண்டையும் பாடவேறுபாடாகக் கொண்டு ஒரு மூலபாடத்தைத் துணிய முற்படுவர். தொகுப்பாளர் அவ்வாறு செய்யாமல் இரண்டையும் முழுமையாக வெளியிட்டுள்ளனர். ஒன்றைப் பிழையெனத் தள்ளியிருப்பின் ஒரு மூதாட்டியின் சொல்லுரிமையையே தள்ளியதாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி விரிகுடாவை மூடியது என்னும் நிலவியல் முடிவும் இவ்வரலாற்றோடு ஒத்துச் செல்கிறது.

4. குறைகள்

நிறுத்தங்களைக் காட்டும் வரியமைப்புக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கேட்போரின் மறுமொழியையும் காட்டுவதில்லை. நீண்ட உரைக்குறிப்புகள் சில இடங்களில் படிப்போர் தாமே பொருள்கொள்ள இடந்தராமல் முந்திக்கொள்கின்றன. மேலும், அச்சேறிய கூற்றுக்கு ஒரு தலைமை வந்துவிடுகிறது. அச்சேறாத பிற கூற்றுகள் பின்னுக்குத் தள்ளப்படும் இடர் கூட்டுப்பணியிலும் நீங்குவதில்லை.

5. முடிவுரை

கிளேசியர் விரிகுடா 1925இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் 1980இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பனியாறு பின்வாங்கிய பின்னர் ஹூனா டிலிங்கிட் மக்கள் அங்கே மீண்டும் பருவகாலக் குடியிருப்புகளை அமைத்திருந்தனர். 2016இல் ஹூனா பழங்குடி அமைப்பும் தேசியப் பூங்காத் துறையும் இணைந்து அவ்விரிகுடாவின் கரையில் ஒரு மரபு இல்லத்தைத் திறந்தன. ‘ஹூனா முன்னோர் இல்லம்’ எனப் பொருள்படும் அதன் பெயரிலும் ‘ஷுகா’ என்னும் சொல் நிற்கிறது. இழந்த இடத்தில் அச்சொல் மீண்டும் ஒரு வீட்டின் பெயராயிற்று.

இனித் தலைப்பின் வினாவுக்கு விடை காணலாம். டிலிங்கிட் பக்கம் பேரப்பிள்ளைகளை நோக்கிப் பேசுவது. அங்கு ‘ஹா’ என்பதன் பொருள் ‘நம்’. மொழிபெயர்ப்புப் பக்கம் அயலாரை நோக்கிப் பேசுவது. அங்கு அதன் பொருள் ‘எம்’. தமிழாக்கமும் அயலாரை நோக்கியதே ஆதலின் ‘எம் முன்னோர்’ என்பதே பொருந்தும். ‘நம்’ என்பது உறவு பாராட்டுவதுபோல் தோன்றினும், உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற உடைமையில் கேளாமலே பங்கு கொள்வதாகிவிடும். பழங்குடி வாய்மொழியைப் பெயர்ப்போர் முதலில் காக்க வேண்டுவது இவ்வேறுபாட்டையே எனலாம்.