சார்யா ஆஃப் தி டான்

சார்யா ஆஃப் தி டான், 2022-ல் அமெரிக்காவில் வெளிவந்த 18 பக்கப் படக்கதை. எழுதியவர் கிரிஸ் கஷ்டனோவா. படங்களை மிட்ஜர்னி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியின் வழியே உருவாக்கினார்.

பதிப்புரிமை

2022 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இந்நூலைப் பதிவு செய்தது. படங்கள் உருவான விதம் தெரியவந்ததும் மறுஆய்வு செய்து, 2023 பிப்ரவரி 21 அன்று முடிவை மாற்றியது. எழுத்துக்கும், எழுத்தையும் படங்களையும் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் உரிமை உண்டு, தனிப்படங்களுக்கு இல்லை. செயலி என்ன படம் தரும் என்பதை, கட்டளை கொடுப்பவர் முன்கூட்டி அறிய முடியாது என்பது அலுவலகம் சொன்ன காரணம்.

மதிப்பீடு

ஓவியரிடம் இப்படியொரு படம் வேண்டும் என்று சொல்பவர் ஓவியர் ஆகிவிடுவதில்லை. அவ்வகையில் முடிவு நியாயமானது. ஆனால் படக்கதையில் படம் வெறும் அலங்காரம் அல்ல. கதையின் பாதியை அதுவே சொல்கிறது. வாசகர் சார்யாவை அடையாளம் காண்பது முகத்தைக் கொண்டுதான். நூலின் பக்கத்தை அப்படியே நகலெடுக்க ஆசிரியரின் அனுமதி தேவை. அந்த முகம் உள்ள ஒரு படத்தைத் தனியே எடுக்கத் தேவையில்லை. கதை ஆசிரியருக்குச் சொந்தம், முதன்மைப் பாத்திரத்தின் முகமோ யாருக்கும் சொந்தமல்ல என்பதே இந்நூல் விட்டுச்சென்ற நிலை. செயலியைக் கொண்டு படக்கதை செய்ய முனைவோர், முதன்மைப் பாத்திரத்தையேனும் தம் கையால் வரைவது நல்லது.