பழைய மெஷினோடு பேசும் புது லேப்டாப்

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் மெஷினுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக உற்பத்தியை நிறுத்த முடியாது. அதை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி சீமென்ஸ் எஸ்5 என்றால், அது 1979-இல் அறிமுகமான வரிசை. அதற்கு நிரல் எழுத உதவும் ஸ்டெப் 5, டாஸ் காலத்து 16-பிட் மென்பொருள். 64-பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட்டாது.

மெயின்டனன்ஸ்காரரின் கைத்திறனை நான் ரசிப்பது இங்கேதான். புது லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் அமைத்து, அதற்குள் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவுகிறார். யு.எஸ்.பி.யை எஸ்5-இன் 20 மில்லியாம்ப் இணைப்புக்கு மாற்றும் கேபிள், சரியான காம் போர்ட் எண், 9600 வேகம் மூன்றும் பொருந்தினால் பி.எல்.சி. நிரலின் லேடர் வரிகள் திரையில் விரிகின்றன. முதலில் பேக்கப், பிறகே திருத்தம். நன்றாக ஓடும் மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காக்கும் இந்தப் பொறுமையும் உயர்ந்த பொறியியலே.